கலைச்சொல்லுள் உறையும் உவமை: மின்னியல் ஒப்புமைகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

கட்புலனாகாத மின்சாரத்தை, அறிந்த பிற பொருள்களோடு ஒப்பிட்டு அறிதல் இயற்பியலின் நெடுநாள் வழக்கம். 1827இல் தம் விதியை வெளியிட்ட ஓம், ஃபூரியேயின் வெப்பக்கடத்தல் கோட்பாட்டை (1822) முன்மாதிரியாகக் கொண்டார். ஃபாரடேயின் விசைக்கோடுகளை விளக்க அமுக்கவியலாப் பாய்மம் ஒன்றை உருவகித்த மாக்ஸ்வெல், அது கற்பனையே என்பதையும் தெளிவுறுத்தினார். தமிழிலோ மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை, மின்தேக்கி எனும் கலைச்சொற்களுள்ளேயே நீருவமை அமைந்துவிட்டது. இதன் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வினையுவமமும் மெய்யுவமமும்

தொல்காப்பியர் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்கு வகைப்படுத்துவார். மின்னியல் ஒப்புமைகள் இவற்றுள் வினையின்பாற்படும். நிறையும் சுருள்வில்லும் உராய்வும் உடைய அலைவியும், தூண்டியும் தேக்கியும் தடையும் உடைய மின்சுற்றும் வடிவால் ஒவ்வா. எனினும் இரண்டின் இயக்கத்தையும் ஒரே அமைப்புடைய வகைக்கெழுச் சமன்பாடு விவரிக்கிறது.

வினையொப்புமை ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் அமையலாம். பழைய முறையில் விசை மின்னழுத்தத்திற்கும், திசைவேகம் மின்னோட்டத்திற்கும், நிறை தூண்டல் எண்ணிற்கும் நிகராகும். 1933இல் ஃபயர்ஸ்டோன் முன்வைத்த முறையில் விசை மின்னோட்டத்திற்கும், திசைவேகம் மின்னழுத்தத்திற்கும், நிறை மின்தேக்குத்திறனுக்கும் நிகராகும். இயந்திர அமைப்பின் பக்க இணைப்பு மின்சுற்றிலும் பக்க இணைப்பாகவே நிற்பது இதன் சிறப்பு. ஆனால், 'அழுத்தம்' என்ற சொல்லில் பழகிய தமிழ் மாணவருக்குத் திசைவேகத்தை அதற்கு நிகராகக் கொள்வது முரணாகத் தோன்றும். சொல், இரு வழிகளுள் ஒன்றை முன்னரே தேர்ந்துவிடுகிறது.

'தேக்கி' தரும் மயக்கம்

'மின்தேக்கி' எனும் சொல் நீர்த்தேக்கத்தை நினைவூட்டுகிறது. நீர்த்தேக்கத்தில் நீர் சேர்கிறது. மின்தேக்கியிலோ ஒரு தட்டில் நேர்மின்னூட்டமும் மறுதட்டில் அதே அளவு எதிர்மின்னூட்டமும் அமைவதால் நிகர மின்னூட்டம் சுழியாகும், சேமிக்கப்படுவது ஆற்றல். நீருலகில் இதற்கேற்ற உவமை, குழாயின் குறுக்கே கட்டிய மீள்தன்மைச் சவ்வாகும். ஒருபுறம் நீர் புகுந்தால் மறுபுறம் அதே அளவு நீர் வெளியேறும். சவ்வைக் கடந்து நீர் செல்லாது. விரிந்த சவ்வில் ஆற்றல் தங்கும்.

இலங்கை வழக்கான 'கொள்ளளவி'யும் வேறொரு மயக்கம் தருகிறது. கலத்தின் கொள்ளளவு அது கொள்ளும் உச்ச அளவு. மின்தேக்குத்திறனோ ஓரலகு மின்னழுத்த வேறுபாட்டிற்குரிய மின்னூட்டம்.

முடிவுரை

நிலைபெற்ற இச்சொற்களை மாற்றுதல் தேவையற்றது. அவை தொடக்கநிலை மாணவருக்கு நற்றுணை. வினையுவமத்தை மெய்யுவமமாகக் கொள்ளும்போதே பிழை நேர்கிறது. ஆகவே பாடநூல்கள் ஒவ்வோர் ஒப்புமையையும் அறிமுகப்படுத்தும் இடத்திலேயே அது பொருந்தாத இடத்தையும் சுட்டுதல் வேண்டும். உவமையின் எல்லையை அறிதலும் கலைச்சொல்லை அறிதலின் ஒரு கூறே.