உறவினரை நம்பும் சட்டம்

மலேசியாவின் பேராக்கில் ஒருவரைப் பைத்தியம் என்று ஏச "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்றாலே போதும். ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள அவ்வூரில் 1911-இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை, இன்றைய பஹாகியா, ஓர் ஊரின் பெயரையே வசவாக்கிவிட்டது. அதற்குப் பயந்தே நோயை மறைத்த குடும்பங்கள் எத்தனையோ. அதனால் சிகிச்சையை அந்த வளாகத்துக்கு வெளியே, பொது மருத்துவமனைக்கும் அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கும் மெந்தாரி சமூக மனநல மையங்களுக்கும் கொண்டுவரும் கொள்கையை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை. யாரை மனத்தில் வைத்து அதை வகுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

2001-இல் இயற்றப்பட்டு 2010-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட நோயாளியை மதிக்கிறது. விருப்பமில்லாதவரைச் சேர்க்கப் பொதுவாக உறவினர் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ அதிகாரி நேரில் பரிசோதித்துப் பரிந்துரைக்க வேண்டும். முதலில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்குச் சுயமாக முடிவெடுக்கக்கூடியவரிடம் அவருடைய ஒப்புதலைத்தான் கேட்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவும் 2023-இல் நீங்கியது. காகிதத்தில் குறை சொல்வது கடினம்.

ஆனால் விண்ணப்பம் போடுவது, மருந்து கொடுப்பது, தேதி தவறாமல் கிளினிக்குக்கு அழைத்துப்போவது என எல்லாமே ஓர் உறவினரை நம்பி நிற்கின்றன. சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ ரப்பர் தோட்டம் இருந்தவரை தொழிலாளர் லயத்தில் பத்து வீடு தள்ளி இருந்தவருக்கும் விஷயம் தெரியும். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் வந்து பார்ப்பார். அந்த வாழ்க்கையை நான் பொற்காலமாக்கவில்லை. கட்டி வைத்ததும் சாமியாடியிடம் கொண்டுபோனதும் அங்கேதான், கள்ளுக்கடையும் அங்கேதான். இருந்தாலும் கண்காணிக்க ஆள் இருந்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபின் அந்தக் குடும்பங்கள் தாமான்களிலும் மலிவு விலை வீடுகளிலும் சிதறின. மகன் கிள்ளான் பக்கம் வேலைக்குப் போய்விட்டால் அறுபது வயதுத் தாய்க்கு உறவினர் யார்? மருத்துவக் கட்டணம் சில ரிங்கிட்தான் என்பார்கள். ஒரு நாள் கூலியும் போக்குவரத்துச் செலவும் அதில் அடங்குமா?

உறவினர் கூடவே வந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மலாய் தெரியாத முதியவருக்கு மகன்தான் மொழிபெயர்ப்பாளர். மகன் அடிக்கிறான் என்பதையும், சம்சு குடிப்பதையும், காதில் கேட்கும் குரல் மருமகளை ஏசுகிறது என்பதையும் மகன் வாய்வழியாக மருத்துவரிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வழியில்லாதவர் கத்துகிறார். "வயலன்ட்" என்று கோப்பில் ஏறிவிடுகிறது. வார்டில் பலருடைய முரட்டு நடத்தைக்கு நோயைவிடப் புரியாமையே காரணம் என்பது என் கணிப்பு.

உடம்பை மறப்பது இதைவிடப் பெரிய குறை. மனநோய்க்கான மருந்துகள் சில எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு என்கிறது 2019 தேசிய சுகாதார ஆய்வு. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள். பெரும்பாலும் இதயநோய் போன்ற உடல் நோய்களால். அப்படிப்பட்ட ஒருவர் நெஞ்சுவலி என்றால் அவசரப் பிரிவில் "மனநோயாளிதானே" என்ற பதில் வரக்கூடாது. அவருடைய மனநலக் கோப்பையும் சர்க்கரைக் கோப்பையும் ஒரே தாதி பார்த்தாலே பாதி வேலை முடியும்.

ஆகவே என் தீர்ப்பு: வெளியே கொண்டுவந்தது சரி, உறவினரிடம் விட்டது தவறு. உறவினர் இல்லாதவருக்கு உறவினரின் இடத்தில் நிற்க, வீடு தேடி வந்து ஊசி போட்டு, சர்க்கரை பார்த்து, தமிழில் பேசும் சமூகத் தாதியர் முன்னாள் தோட்டப் பகுதிகளுக்குத் தேவை. புதிய கட்டடத்துக்கு முன் அவர்களுடைய சம்பளத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அந்தத் தாதியர் வந்து சேரும்வரை பஹாகியாவின் நீண்டகாலப் படுக்கைகளைக் குறைக்கக் கூடாது.