எண்ணப்படாத ஒருவன்

வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’யில் ஆற்றைக் கடந்த சீடன் எண்ணுகின்றான், ஆறு பேர் ஐவராகின்றனர். அவன் கணக்கு அறியாதவன் அல்லன். தன்னை எண்ண மறந்தவன். அறிவுக்கும் பேதைமைக்கும் இடைவெளி அவ்வளவே. அதனைத் தாமே கண்டுகொள்ளும் இன்பமே படிப்போரின் நகைப்பு.

அந்நகைப்பு இன்று ஜொகூருக்கும் வேண்டற்பாலது. இங்குக் கூலாயில் செயற்கை நுண்ணறிவுக்கென்றே தரவு மையம் எழுந்துள்ளது. 2022இல் வெளிவந்த சாட்ஜிபிடி, இல்லாத குறளையும் உள்ளதுபோல் சரளமாக உரைத்துவிடக்கூடும். அப்பிழை நகைப்பிற்குரியதே. ஆயினும், அவ்விடையை ஆராயாது கட்டுரையாக்கும் மாணவனே பரமார்த்தருக்கு ஏற்ற சீடன். அனைத்தையும் எண்ணியவன் தன் சிந்தனையை எண்ணவில்லை. கதையில் வழிப்போக்கன் ஒருவன் சரியாக எண்ணிக் காட்டினான். வகுப்பறையில் அப்பணி தமிழாசிரியருடையது.