வார்மிங் ஃபில்டர்: திருத்தமா, பூச்சா?

வார்மிங் ஃபில்டர் என்பது படத்தில் படியும் நீலச் சாயலைக் குறைப்பதற்காக லென்ஸின் முன் பொருத்தப்படும் வெளிர் அம்பர் நிற ஒளி வடிகட்டி. ராட்டன் வரிசையில் 81ஏ, 81பி, 81சி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் இது நிறத்தைத் திருத்தும் கருவியாகக் கருதப்பட்டது. ஆனால் பலர் கையில் இது படத்தை அழகாக்கும் பூச்சாகவே பயன்பட்டது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

தேவை

மரநிழலில் பிடித்திருக்கும் வெள்ளைத் தாளும் நம் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரிகிறது. சூழலின் ஒளிக்கு ஏற்பப் பார்வை தன்னைச் சரிசெய்துகொள்வதே காரணம். ஃபிலிமுக்கு இந்தத் திறன் இல்லை. பகலொளி ஃபிலிம் சுமார் 5500 கெல்வின் நிற வெப்பநிலைக்காகத் தயாரிக்கப்படுவது. திறந்த வானத்தின் கீழுள்ள நிழலில் இது 7500 கெல்வினையும் தாண்டலாம். எனவே அங்கே எடுத்த முகம் நீலம் பாய்ந்து தெரியும். நெகட்டிவ் என்றால் அச்சிடும்போது இதைச் சரிசெய்யலாம். ஸ்லைடில் கேமராவுக்குள் பதிந்ததே இறுதிப் படம். ஆகவே திருத்தத்தைப் படமெடுக்கும்போதே செய்தாக வேண்டும்.

கணக்கு

ஃபில்டரின் வலிமை மைரெட் என்ற அலகில் அளக்கப்படுகிறது. பத்து லட்சத்தைக் கெல்வின் மதிப்பால் வகுத்தால் மைரெட் கிடைக்கும். 5500 கெல்வின் என்பது 182 மைரெட். 7500 கெல்வின் என்பது 133. இடைவெளி 49. இதில் 81ஏ ஈடுசெய்வது 18 மட்டுமே. 81பி 27, 81சி 35. அதாவது பலரும் நம்பிப் பொருத்திய 81ஏ, இத்தகைய நிழலின் நீலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான் நீக்குகிறது. அதே 81ஏ நண்பகல் வெயிலில் தேவையில்லாத மஞ்சளைச் சேர்க்கிறது. பிழை உள்ள இடத்தில் போதாமலும், பிழை இல்லாத இடத்தில் மிகையாகவும் இருக்கும் ஒன்றைப் பொதுவான தீர்வு என்று சொல்ல முடியாது.

வரம்புகள்

ஃபில்டர் படம் முழுவதையும் ஒரே அளவில் மாற்றுகிறது. ஒரே காட்சியில் வெயிலும் நிழலும் இருந்தால், நிழலைத் திருத்தும்போது வெயில் பகுதி மஞ்சளாகிவிடும். மேலும், எல்லா நிறச்சாய்வும் நீலம் அல்ல. குழல்விளக்கின் ஒளியில் பகலொளி ஃபிலிம் பச்சையாகப் பதிவாகும். வெல்வியா 50 ஃபிலிமில் சில நொடிகளுக்கு மேல் நீளும் வெளிப்பாட்டுக்கும் மெஜந்தா ஃபில்டரே பரிந்துரைக்கப்பட்டது. இவற்றுக்கு அம்பர் மருந்தாகாது.

பனிமலையின் நிழல் நீலமாகத் தெரிவது பிழையும் அல்ல. வானத்தின் நீல ஒளியே அங்கு விழுகிறது. அதை முழுவதும் துடைத்துவிட்டால் குளிர்காலக் காலையும் மாலை வெயிலும் ஒன்றுபோலாகிவிடும்.

மதிப்பீடு

1990களில் கோடாக் நிறுவனம் எக்டாக்ரோம் இ100எஸ் ஃபிலிமுடன், சற்று வெம்மையான நிறம் தரும் இ100எஸ்டபிள்யூ என்ற வகையையும் விற்றது. வெம்மை என்பது திருத்தம் மட்டுமல்ல, தனி விருப்பமாகவும் ஆகிவிட்டதை இது காட்டுகிறது. விருப்பம் தவறல்ல. அதைத் திருத்தம் என்ற பெயரில் ஆவணமாக்குவதே சிக்கல்.

பழைய ஸ்லைடுகளை இன்று ஸ்கேன் செய்பவர்கள் இச்சிக்கலை நேரில் சந்திக்கிறார்கள். ஒரு ஸ்லைடின் மஞ்சள் மாலை ஒளியால் வந்ததா, ஃபில்டரால் வந்ததா, காலப்போக்கில் சாயங்கள் மங்கியதால் வந்ததா என்பதைப் படம் மட்டுமே சொல்லாது. ஸ்லைடு சட்டத்தின் ஓரத்தில் ஃபில்டரின் எண்ணைக் குறித்துவைத்தவரின் படம் சான்றாகப் பயன்படும். குறிக்காதவரின் படத்தில் தாவரத்தின் இலைநிறத்தையோ சுவரோவியத்தின் வண்ணத்தையோ உறுதியாக மதிப்பிட முடியாது.

வார்மிங் ஃபில்டர் பயனற்றது என்பது இதன் பொருளல்ல. முழு நிழலில் எடுக்கும் முகங்களுக்கும், மேகமூட்டமான நாளுக்கும் அது இன்றும் உதவும். ஒளியை அளந்து, காரணம் அறிந்து பொருத்தும்போதே அது திருத்தம். வழக்கமாக லென்ஸிலேயே விட்டுவைத்தால் வெறும் பூச்சு.