தப்பிய பாசம்

கிரேக்க மொழியில் கால்விலங்குக்குப் 'பெடே' என்று பெயர். பாதத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல். நாம் சொல்லும் 'பாதம்' என்ற வடசொல்லுக்கும் அது தாயாதி. ஹோமரின் இலியத்தில் கடல்தெய்வம் பொசைடன், குதிரைகள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று அவற்றின் கால்களில் பொன் பெடே பூட்டுகிறான். கி.மு. 480இல் கிரேக்கத்தின் மேல் படையெடுத்த பாரசீக மன்னன் செர்க்சஸோ, தன் பாலத்தைப் புயல் சிதைத்த ஆத்திரத்தில், ஒரு ஜோடி பெடேயைக் கடலுக்குள் எறியச் செய்தான் என்கிறார் ஹெரோடோட்டஸ். கடலுக்கு ஏது கால்?

கடலூர்க்காரர்களுக்கு இதைப் படித்ததும் நாவுக்கரசர் நினைவு வராமல் போகாது. பல்லவ மன்னன் ஆணைப்படி அவரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினார்கள், கல் மிதந்தது, திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்ந்தார் என்கிறது பெரியபுராணம். கரையேறவிட்டகுப்பம் அந்தக் கதையை ஊர்ப்பெயராகவே வைத்திருக்கிறது.

கதை எல்லோருக்கும் தெரியும். அதைப் பாடிய சேக்கிழார் சொல்லும் நேர்த்தியைத்தான் நின்று பார்க்க வேண்டும். கல் தெப்பமானதும் இறுக்கிய கட்டு என்ன ஆயிற்று? அறுந்தது, சிதறியது என்ற ஆர்ப்பாட்டமே இல்லை. தப்பிற்று என்கிறார், அவ்வளவுதான். கட்டுக்கு அவர் எடுத்த சொல் 'பாசம்'. ஏன் அந்தச் சொல் என்பது அடுத்த பாட்டில் தெரிகிறது. அங்கே இருவினை பாசமாகிறது, மலம் கல்லாகிறது, பிறவி கடலாகிறது. அந்தக் கடலில் விழுந்தவர்களையே ஏற்றிவிடும் ஐந்தெழுத்து, நாவுக்கரசரை இந்தக் கடலில் ஒரு கல்லின் மேல் ஏற்றியதைச் சொல்லவும் வேண்டுமோ என்று கேட்கிறார். எவ்வளவு பெரிய அற்புதத்தை எவ்வளவு சிறியதாக்கிவிடுகிறார்! ஆர்ப்பரிக்கும் வங்கக்கடல் ஒரே கேள்வியில் குட்டையாகிவிடுகிறது. முதல் பாட்டில் உடம்பைக் கட்டிய அதே சொல், ஓர் எழுத்தும் மாறாமல், இரண்டாம் பாட்டில் உயிரைக் கட்டுகிறது. என்னைக் கேட்டால், பெரியபுராணத்தின் தலைசிறந்த இடங்களில் இது ஒன்று.

நூல் 12ஆம் நூற்றாண்டில் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு. அடுத்த நூற்றாண்டில் பதி, பசு, பாசம் மூன்றையும் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் வகுத்த மெய்கண்டார் பிறந்த பெண்ணாடமும் இன்றைய கடலூர் மாவட்டம்தான். அவர் வழியில் வந்த உமாபதி சிவம் சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்தவர்; சேக்கிழார் வரலாற்றைப் பாடியவரும் அவரே என்பார்கள். இந்த இரண்டு பாட்டுகளில் அவர் நெடுநேரம் தங்கியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.