கைப்பிடியைச் சுற்றினால் காலம் ஓடும்

கிராங்கினுக்கு இருப்பது ஒரே ஒரு வேலை. தூங்கி எழுந்து, தனக்காகக் காத்திருக்கும் கிராங்கெட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் எவ்வளவு தாமதம் என்று திரை கணக்குச் சொல்லும், அவளுக்குக் கோபம் தலைக்கேறும், அடுத்த கட்டம் தொடங்கிவிடும்.

அவனை நடக்கவைப்பது ஒரு கைப்பிடி. பிளேடேட் என்ற மஞ்சள் நிறக் கையடக்க விளையாட்டுக் கருவியின் வலது விளிம்பில் அது மடங்கிக் கிடக்கிறது. அதை இழுத்து நீட்டி முன்பக்கம் சுற்றினால் கிராங்கினின் காலம் முன்னால் ஓடும். பின்பக்கம் சுற்றினால் அவன் செய்ததெல்லாம் தலைகீழாக நடக்கும். அவன் என்ன செய்வான் என்பது ஏற்கெனவே தீர்மானமான விஷயம்: நடப்பான், ஒரு பூவை முகர்ந்து பார்க்கக் குனிவான், நிமிர்ந்து மறுபடி நடப்பான். எதிரே பறந்து வரும் வண்ணத்துப்பூச்சி மட்டும் இந்தக் கைப்பிடிக்குக் கட்டுப்படாது. அது தன்பாட்டுக்கு வரும். அது தலைக்கு மேலே கடக்கும் நேரத்தில் கிராங்கின் குனிந்த நிலையில் இருக்கும்படி கைப்பிடியை அப்படியே பிடித்து நிறுத்த வேண்டும். அவன்மேல் பட்டுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பம்.

ஆட்டத்தின் பெயர் 'கிராங்கின்ஸ் டைம் டிராவல் அட்வென்சர்'. பின்னணியில் இருப்பவர் கெய்ட்டா தகாஹாஷி. எதிர்ப்படும் பொருளையெல்லாம் ஒட்டவைத்துக்கொண்டு உருளும் பந்தை வைத்து 2004-ல் 'கட்டமாரி டமாசி'யைக் கொடுத்த அதே ஜப்பானியர். அவருடைய ஆட்டங்களில் தர்க்கம் தேடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஆனால் கிராங்கினில் ஒரு கறாரான தர்க்கம் உண்டு. பொத்தான்களை வைத்து இந்த ஆட்டத்தைச் செய்திருந்தால் அது வெறும் தாண்டிக் குதிக்கும் ஆட்டமாகியிருக்கும். கைப்பிடி இருப்பதால்தான் இது பிறந்திருக்கிறது. பிளேடேட்டைப் பற்றிப் பேச வேண்டிய முக்கியமான விஷயமும் இதுதான்.

மற்ற விவரங்கள் பலருக்கும் தெரிந்தவை. 76 மி.மீ. அகலம், 74 மி.மீ. உயரம், 9 மி.மீ. தடிமன், சட்டைப் பையில் போட்டால் மறந்துபோகும் எடை. 400 x 240 புள்ளிகள் கொண்ட திரை. அதில் கறுப்பு, வெள்ளை தவிர எதுவும் இல்லை, சாம்பல்கூட இல்லை. ஒரு அம்பு பொத்தான், ஏ, பி என இரண்டு பொத்தான்கள், அந்தக் கைப்பிடி. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் மேக் கணினிகளுக்கு மென்பொருள் எழுதிப் பெயர் வாங்கிய பேனிக் நிறுவனம் 2019-ல் இதை அறிவித்தது. முதல் தொகுதிக் கருவிகளைப் பேட்டரி கோளாறால் ஆலைக்குத் திருப்பி அனுப்ப நேர்ந்து, வாங்கியவர்கள் கைக்கு வந்துசேர 2022 ஏப்ரல் ஆகிவிட்டது.

கைப்பிடி ஸ்வீடனின் டீனேஜ் எஞ்சினியரிங் நிறுவனத்தின் யோசனை. விநோதமான சிந்தசைசர்களுக்குப் பெயர்போனவர்கள். கருவியை முதன்முறை பார்க்கும் யாரும் கேட்கும் கேள்வி, "சுற்றினால் சார்ஜ் ஆகுமா?" என்பதுதான். ஆகாது. சார்ஜுக்கு யூஎஸ்பி-சி இருக்கிறது. கைப்பிடி விளையாட மட்டும். அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்ற ஒரு எண், 0 முதல் 360 வரை, ஆட்டத்தின் நிரலுக்குப் போகிறது. அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பது ஆட்டத்தை எழுதுகிறவர் பாடு.

இங்கேதான் கருவி சூடுபிடிக்கிறது. விலையோடு சேர்ந்து வரும் 'முதல் பருவம்' என்ற தொகுப்பின் 24 ஆட்டங்களில், அந்த ஒரே எண் வேறு வேறு வேஷம் கட்டுகிறது. 'வைட்வாட்டர் வைப்அவுட்'டில் அது அலைச்சறுக்குப் பலகை நிற்கும் கோணம். அலையின் உச்சியிலிருந்து காற்றில் எழும்பிச் சுழன்று, இறங்கும்போது பலகையைச் சரியான சாய்வுக்குக் கொண்டுவராவிட்டால் தண்ணீருக்குள் குப்புற விழ வேண்டியதுதான். 'கேஷுவல் பேர்டர்' பறவைகளைப் படம் பிடிக்கும் கதை. அதில் கைப்பிடி கேமராவின் ஃபோகஸ் வளையம். 'ஃப்ளிப்பர் லிஃப்டர்' என்ற ஆட்டத்தில் பென்குயின்களை மாடி மாடியாக ஏற்றி இறக்கும் லிஃப்டை ஓட்டுகிறது. 'லாஸ்ட் யுவர் மார்பிள்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. கதையில் அடுத்து என்ன பதில் சொல்வது என்ற முடிவை விளையாடுபவர் நேரடியாக எடுக்க முடியாது. கைப்பிடியால் ஒரு கோலிக்குண்டை உருட்டி, எந்தப் பதிலின் மேல் மோதவைக்கிறாரோ அதுதான் பதில். நல்ல பதிலைக் குறிவைத்து உருட்டினால், குண்டு வழிதவறி அபத்தமான பதிலில் போய் மோதும். கதை அந்த அபத்தத்தை ஏற்றுக்கொண்டு மேலே நகரும்.

பரிசோதனை ஆட்டங்களின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி கிடையாது. விசித்திரமான கதாபாத்திரம், விசித்திரமான ஓவியம் எல்லாம் மலிவு, யார் வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம். கை செய்யும் வேலை விசித்திரமாக இருக்கும்போதுதான் மூளை விழித்துக்கொள்கிறது. பென்னட் ஃபாடி 2008-ல் செய்த 'க்யூவாப்' ஆட்டத்தில் ஓட்டப்பந்தய வீரனின் தொடைகளும் கெண்டைக்கால்களும் கீபோர்டின் நான்கு எழுத்துகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. குழந்தை நடக்கக் கற்பதை ஒவ்வொருவரும் மறுபடி செய்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதே ஃபாடி பிளேடேட்டின் முதல் பருவத்துக்கும் 'ஸிப்பர்' என்ற சாமுராய் ஆட்டத்தைக் கொடுத்திருக்கிறார். பேனிக் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறது. 2019-ல் ஒரு வாத்து கிராமத்தையே வம்புக்கு இழுக்கும் 'அன்டைட்டில்டு கூஸ் கேம்' ஆட்டத்தை வெளியிட்டதும் இதே நிறுவனம்தான். அந்த ரசனைக்காகவே பல குறைகளை மன்னிக்கத் தோன்றுகிறது.

ஒன்றைத் தவிர.

திரைக்குப் பின்னால் விளக்கு இல்லை. ஒரு விளக்குகூட இல்லை. இது ஷார்ப் நிறுவனத்தின் மெமரி எல்சிடி வகைத் திரை. மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் படம் தெரியும். வெயிலில் இதற்கு நிகர் கிடையாது. விலையுயர்ந்த ஃபோன்கள் கண்ணாடியாக மாறி முகத்தைக் காட்டும் நண்பகலில், பிளேடேட்டின் எழுத்து அச்சடித்த காகிதம் மாதிரி பளிச்சென்று நிற்கும். மாறாத புள்ளிகளை மறுபடி மறுபடி வரைய வேண்டியதில்லை என்பதால் மின்சாரமும் குறைவாகவே செலவாகும். விளையாடாமல் வைத்தால் கடிகாரமாக நாள்கணக்கில் ஓடும். இதெல்லாம் சரி.

ஆனால் மக்கள் கையடக்கக் கருவியில் விளையாடுவது எப்போது? வேலை முடிந்து, சாப்பிட்டு, வீட்டில் மற்றவர்கள் படுத்த பிறகு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இந்தத் திரையைப் பார்க்க, பழைய ஃபோட்டோ நெகட்டிவைப் பிடிப்பதுபோல் கருவியை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சரியான சாய்வு கிடைத்த நேரத்தில் கைப்பிடியைச் சுற்ற வேண்டிவரும். சுற்றினால் கருவி அசையும், அசைந்தால் வெளிச்சம் போய்விடும். இரவு ரயிலில், பேருந்தில், படுக்கையில் இது வெறும் மஞ்சள் சதுரம். தனியாக ஒரு மேசை விளக்கைத் தேடி ஓட வேண்டிய விளையாட்டுக் கருவியைக் கையடக்கம் என்று சொல்வதற்குத் தயக்கம் வருகிறது.

இந்த எரிச்சலுக்கு உச்சம் 'ராட்செட்டியர்' என்ற ஆட்டம். பழைய செல்டா ஆட்டங்களின் பாணியில் குகைகளுக்குள் அலையும் நல்ல சாகசம். அதில் கைப்பிடியைச் சுற்றினால் நாயகன் கையிலிருக்கும் விளக்கு எரியும். அதாவது ஆட்டத்துக்குள் இருக்கும் கற்பனைப் பாத்திரத்துக்கு விளக்கு கொடுத்தாகிவிட்டது. காசு கொடுத்தவர் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும்.

இரண்டாவது புகார் சிறியது. கருவி இவ்வளவு சிறியதாக இருப்பதால் கைப்பிடியைச் சுற்றும் வலது கை ஏ, பி பொத்தான்களை விட்டுவிட வேண்டும். இரண்டும் ஒருசேரத் தேவைப்படும் ஆட்டங்களில் விரல்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். பெரிய கை உள்ளவர்களுக்கு இடது உள்ளங்கை சீக்கிரமே மரத்துப்போகும்.

அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையை யாராவது முழுமையாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்றால் அது லூகஸ் போப். எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சரிபார்ப்பதை 2013-ல் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற ஆட்டமாக்கியவர். 2018-ல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' ஆட்டத்தை எந்தக் கட்டாயமும் இல்லாமல் ஒற்றை பிட், அதாவது வெறும் கறுப்பு வெள்ளை, ஓவியத்திலேயே செய்தவர். பிளேடேட்டுக்காக அவர் எழுதிய 'மார்ஸ் ஆஃப்டர் மிட்நைட்' 2024 மார்ச்சில் 6 டாலருக்கு வந்தது. செவ்வாய்க் கிரகக் குடியிருப்பு ஒன்றின் சமூகக் கூடத்தில் இரவுக் காவல்தான் வேலை. கூடத்தில் நடப்பவை, கோபத்தை அடக்கக் கற்றுக்கொள்வது போன்ற உதவிக் கூட்டங்கள். கதவைத் தட்டும் சத்தம் கேட்கும். கைப்பிடியைச் சுற்றினால் கதவிலுள்ள சின்னப் பலகை மெல்ல விலகும். வெளியே ஒரு முகம். எத்தனை கண், எத்தனை பல், எந்தப் பக்கம் வாய் என்று சொல்லமுடியாத முகம். இன்றைய கூட்டத்துக்கு உரியவரா, இல்லையா? உள்ளே விடலாமா?

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆட்டத்தில் அதே கேள்வி வயிற்றைக் கலக்கும். தவறாக முத்திரை குத்தினால் ஒரு குடும்பம் பிரியும். இங்கே உள்ளே வந்தவர்கள் சிற்றுண்டி மேசையை அலங்கோலமாக்கிவிட்டுப் போவார்கள், காவலாளி துடைத்து ஒழுங்குபடுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஆள், ஒரே வேலை, பயத்துக்குப் பதில் பரிவு. பலகையை எவ்வளவு மெதுவாக விலக்குவது என்பது சுற்றுகிறவர் கையில் இருப்பதால், ஒவ்வொரு முகமும் ஒரு குட்டித் திகிலோடு திறக்கிறது. பொத்தானை அழுத்தித் திறக்கும் கதவில் இது நடக்காது.

பிளேடேட்டின் இன்னொரு கெட்டிக்காரத்தனம் ஆட்டங்களைக் கொடுக்கும் விதம். முதல் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு என்று 12 வாரம் ஆட்டங்கள் தாமாக வந்து இறங்கும். மேலே ஊதா விளக்கு மினுங்கும், திரையில் பரிசுப்பொதி ஒன்று காத்திருக்கும், பிரித்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். (விளக்கு வைக்க இடம் இருந்திருக்கிறது என்பதைக் கவனிக்கவும்.) கடையில் சின்னச் சின்னப் படங்களாக அடுக்கிவைத்திருந்தால், பென்குயின்களுக்கு லிஃப்ட் ஓட்டும் ஆட்டத்தை எத்தனை பேர் தேர்ந்தெடுப்பார்கள்? 'இன்வென்டரி ஹீரோ'வில் நாயகன் தானாகவே சண்டை போடுகிறான், விளையாடுபவர் அவனுடைய மூட்டையை மட்டும் அடுக்கிக் கொடுக்கிறார். இந்த வர்ணனையைப் படித்து யாரும் பணம் எடுத்து நீட்டமாட்டார்கள். தேர்வு செய்யும் உரிமையை வாங்குபவரிடமிருந்து பறித்ததால்தான் இவை விளையாடப்பட்டன. விசித்திர ஆட்டங்கள் வழக்கமாகத் தோற்பது கடை வாசலில். அந்த வாசலையே பேனிக் எடுத்துவிட்டது.

அதற்காக 24 ஆட்டங்களும் முத்து என்று சொல்வதற்கில்லை. சில ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகின்றன. சிலவற்றில் கைப்பிடி வேண்டாத விருந்தாளி. ஏதாவது ஒரு இடத்தில் சுற்றவைக்க வேண்டுமே என்று சுற்றவைத்திருக்கிறார்கள். மாறாக, கிடங்கில் நாய்க்குட்டி ஒன்று பெட்டி கட்டும் 'பிக் பேக் பப்' புதிர் அம்பு பொத்தானை நம்பியே ஓடுகிறது, தொகுப்பின் மிகச் சிறந்த ஆட்டங்களில் அதுவும் ஒன்று. தேவையில்லாத இடத்தில் கைப்பிடியை விட்டுவிடும் துணிவும் ஒரு திறமைதான்.

2025 மே மாதம் இரண்டாம் பருவம் தொடங்கியது, 39 டாலருக்கு 12 ஆட்டங்கள். கூடவே 'ப்ளிப்போ பிளஸ்' என்ற ஒன்றும் வந்தது. அதை ஆட்டம் என்று சொல்வதா என்பதிலேயே சண்டை வரும். வேற்றுக்கிரகத்தின் தொலைக்காட்சி அலை தவறி இங்கே வந்து மாட்டிக்கொண்டதாகக் கற்பனை. நிஜ நடிகர்கள் நடித்த நிகழ்ச்சிகள் கரடுமுரடான கறுப்பு வெள்ளைப் புள்ளிகளில் ஓடுகின்றன, பார்ப்பவர் சேனல் மாற்றுகிறார். ஜெயிப்பதற்கு ஒன்றுமில்லை. சமையல் நிகழ்ச்சி மாதிரி ஏதோ ஒன்று, செய்தி மாதிரி ஏதோ ஒன்று என்று மாற்றிக்கொண்டே போகையில், அந்தக் கிரகத்தில் என்னவோ நடக்கிறது என்பது துண்டு துண்டாகப் பிடிபடும். முதல் நாள் இதென்ன கிறுக்குத்தனம் என்று மூடிவைத்தவர்கள், வாராவாரம் புதிய ஒளிபரப்பு வந்தபோது முதலில் திறந்தது அதைத்தான்.

விலைதான் உறுத்தல். 2021-ல் முன்பதிவு தொடங்கியபோது 179 டாலர், 2023-ல் 199, அதன் பிறகும் ஏறிவிட்டது. கறுப்பு வெள்ளைச் சதுரத்துக்கு இது அதிகம்தான். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்', 'கூஸ் கேம்' இரண்டையும் இன்னும் தொடாதவர்கள் வீட்டுக் கணினியில் அவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம், செலவு மிகக் குறைவு. ஆட்டம் எழுதிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. பிளேடேட்டுக்கு ஆட்டம் எழுதும் மென்பொருள் இலவசம். நிரல் தெரியாதவர்களுக்கு உலாவியிலேயே ஓடும் 'பல்ப்' இருக்கிறது. எழுதியதை யாருடைய அனுமதியும் கேட்காமல் கருவியில் ஏற்றிவிடலாம். அவர்கள் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் பகலில் விளையாட நேரம் கிடைக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. வாங்கியாகிவிட்டது என்றால் 6 டாலர் கூடுதலாகப் போட்டு 'மார்ஸ் ஆஃப்டர் மிட்நைட்'டையும் எடுத்துவிட வேண்டும், அதோடு கழுத்து வளையும் மேசை விளக்கு ஒன்றையும்.