டோக்கியோ நான்காம் இடமா, ஹாங்சோ வெள்ளியா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கோல்ஃப் மட்டையைத் தொட்டவர்களைத் தேடத்தான் வேண்டும். 2021 ஆகஸ்ட் 7 விடியற்காலையில் மட்டும் இங்கேயும் சிலர் டி.வி. முன்னால் உட்கார்ந்து, பர்டி என்றால் என்ன என்று செல்போனில் தேடினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு அதிதி அசோக்குக்கு ஒரே அடியில் வெண்கலம் நழுவியது. அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டியில் தங்கம் வாங்க, அதிதி பேச்சு அடங்கிவிட்டது.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி. ஆசியப் போட்டி கோல்ஃபில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்று கொண்டாடினோம். ஸ்கோர் கார்டைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

டோக்கியோவில் அதிதி எடுத்தது 67, 66, 68, 68. கோல்ஃபில் அடி குறைந்தால்தான் வெற்றி; ஒரு சுற்றுக்கு வகுத்த அடிக் கணக்கான பார் 71. அப்போது உலகத் தரவரிசையில் அவர் 200-ஆவது. கொரோனா வந்து தேறிய உடம்பு. டிரைவ் அடித்தால் அங்கே தங்கம் வென்ற நெல்லி கோர்டாவின் பந்துக்கு வெகு பின்னால்தான் விழும். அந்தக் குறையைக் குழியைச் சுற்றிய கிரீனில், பந்தை உருட்டும் பட்டர் மட்டையை வைத்து ஈடுகட்டினார். கடைசி நாள் 68 நல்ல ஆட்டம்தான். மோனே இனாமியும் லிடியா கோவும் ஆளுக்கு 65 எடுத்துத் தாண்டிப் போனார்கள். 18-ஆவது குழியில் பர்டிக்கு, அதாவது பாரைவிட ஒரு அடி குறைவாக முடிக்க, உருட்டிய பந்து உள்ளே விழவில்லை.

ஹாங்சோவில் முதல் மூன்று நாள் 67, 66, 61. ஏழு அடி முன்னிலை. கடைசி நாள் 77! தங்கம் தாய்லாந்தின் அர்பிசாயா யூபோலுக்குப் போனது. கைக்கு வந்ததைத் தானே விட்ட ஆட்டம் இது.

நெருக்கடி அதிதிக்குப் புதிதில்லை. 2015-இல், 17 வயதில், பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் ஸ்ட்ரோக் பிளே பட்டத்தை பிரிட்டன் மண்ணிலேயே வென்றவர். மறுவருடம் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, நவம்பரில் பெண்கள் இந்தியன் ஓபனையும் வென்றார். ஒரு மோசமான சுற்று அவரை அளக்கும் கோல் ஆகாது. ஆனாலும் என் கணக்கில் டோக்கியோவின் நான்காம் இடம், ஹாங்சோ வெள்ளியைவிட ஒரு படி மேலேதான்.

விழுப்புரம் மாவட்ட மைதானத்தில் நடக்கும் பள்ளிப் போட்டிகளிலும் மேடை ஏறும் மூவரோடு கைதட்டல் முடிகிறது. நான்காவதாக ஓடிவந்த பிள்ளை தன் பழைய நேரத்தைக் குறைத்திருக்கலாம். பி.டி. ஆசிரியர்கள் அதையும் நோட்டில் குறித்து, அவளிடம் காட்ட வேண்டும்.