பொம்மையின் விரல்கள்

பொம்மைகளை நிறுத்தி, அவற்றின் அளவுக்கேற்ற சின்னஞ்சிறு பொருட்களை அருகில் வைத்து, படமெடுத்து, பேச்சுக்குமிழி ஒட்டிக் கதை சொல்வது புகைப்படக் காமிக்ஸ். வரையத் தெரிய வேண்டாம், செல்போன் போதும் என்பதை இதன் பலமாகப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ஓவியர் நாலு கோடுகளில் ஒப்பேற்றிவிடக்கூடிய இடத்தை இங்கே கட்டியே தீர வேண்டும். ஒருவர் திண்ணையில் உட்கார வேண்டுமென்றால் திண்ணை வேண்டும். அது அவர் முழங்கால் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்றும் யோசித்தாக வேண்டும்.

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இது புதிய வேலை இல்லை. பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணிலும் காகிதக்கூழிலும் உருவாகும் கொலு செட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு காட்சிதான். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலிலோ, எட்டாம் நூற்றாண்டிலேயே பல்லவர் வரலாற்றைக் கட்டங்கட்டமாகச் சுவரில் செதுக்கி, சிலவற்றுக்கு விளக்க எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். அங்கே முகங்கள் பெரிதாக எதையும் சொல்வதில்லை. யார் உயரத்தில் அமர்ந்திருக்கிறார், யார் வணங்கி நிற்கிறார் என்பதிலிருந்தே கதை புரிந்துவிடும்.

இந்தக் கலையைச் சோதித்துப் பார்க்க உத்திரமேரூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைச் சொல்கின்றன. அவற்றைப் படித்தால் ஒரு காமிக்ஸின் கட்டங்கள் தாமாகவே பிரிந்து நிற்கும். ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். சபை கூடியிருக்க, கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுகிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அது இன்னொரு குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலுக்கப்படுகிறது. அதிலிருந்து அவன் எடுத்துத் தரும் ஓர் ஓலையை நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்கி வாசிக்கிறான். பிறகு நம்பிமார் அனைவரும் அதை வாசிக்கிறார்கள். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கவில்லை என்று சபை முழுவதும் பார்க்கத்தான் அந்த விரித்த கை. முழுக் கதையின் உச்சமும் அந்தக் கட்டம்தான்.

நம் பொம்மைகள் தோற்றுப்போவதும் அந்தக் கட்டத்தில்தான். 1964-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரனைக் கொண்டுவந்தது முதல், ஆக்‌ஷன் ஃபிகர்களில் பெரும்பாலானவற்றின் கை ஆயுதம் பிடிக்கவோ குத்துவிடவோ வார்க்கப்பட்டது. கொலு பொம்மையின் கை கூப்பியபடியோ எதையாவது ஏந்தியபடியோ உறைந்திருக்கும். கையை மாற்றிப் பொருத்தும் ஜப்பானிய உருவங்கள் இருக்கின்றன, விலை அதிகம். இதை வெறும் வசதிக்குறைவாக நான் பார்க்கவில்லை. மூடிய முஷ்டியோடு வரும் பொம்மையை வைத்திருப்பவர், தன்னையறியாமலே சண்டைக் கதையைத்தான் எடுப்பார். இந்த வகைக் காமிக்ஸில் சூப்பர்ஹீரோ மோதல்கள் இவ்வளவு மலிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சொல்ல வேண்டியதைக் கதாசிரியருக்கு முன்பாகவே பொம்மை முடிவு செய்துவிடுகிறது.

முகம் மாறாதது அடுத்த சிக்கல். அதை ஈடுகட்ட நினைப்பவர்கள் குமிழிகளை வசனத்தால் நிரப்பிவிடுகிறார்கள்; படம் பின்னால் போய்விடுகிறது. தண்ணீரும் சிறிய அளவுக்குப் பணியாது. ஏரி உடைப்பைக் காட்ட ஒரு குவளை நீரை ஊற்றினால், ஒவ்வொரு துளியும் பொம்மையின் தலையளவு தெரியும். உத்திரமேரூர்ச் சபையின் ஏரி வாரியம் பற்றிக் கதை எடுப்பவர் தண்ணீரைக் காட்டாமல், மண்வெட்டியோடு கரைக்கு ஓடுபவர்களைக் காட்டுவதே நல்லது.

அசையாத முகமே பலமாகவும் ஆக முடியும். கம்போடியத் திரைப்பட இயக்குநர் ரித்தி பான், கெமர் ரூஜ் ஆட்சியில் தன் குடும்பம் பட்ட துயரத்தைக் காட்டப் படங்கள் எஞ்சாத நிலையில், அசையாத களிமண் உருவங்களை வைத்து ‘தி மிஸ்ஸிங் பிக்சர்’ எடுத்தார். 2013-இல் கான் விழாவின் ‘அன் செர்டன் ரிகார்ட்’ பரிசு அதற்குக் கிடைத்தது. அந்த உருவங்கள் அழகாக இருக்க முயலவில்லை. துயரத்தைச் சிறுத்துக் காட்டவும் இல்லை.

கொலு பொம்மையை எடுத்தாளும்போது நான் அஞ்சுவது அந்த அழகைத்தான். பளபளக்கும் வண்ணத்தில் சபையை அடுக்கினால், எல்லோரும் கூடி மகிழ்ந்து நடத்திய தேர்தல்போல அது தோன்றிவிடும். குடவோலையில் பெயர் ஏற, வரி செலுத்தும் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையே இருக்க வேண்டும். அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. உழுதவர்களும் நட்டவர்களும் அந்தக் குடத்துக்குள் இல்லை.

ஆனால் சபை கூடும் மண்டபத்தைக் கட்டுகிறவர் அதன் வெளிப்புறத்தையும் கட்டித்தானே ஆக வேண்டும்! உழவு, நடவு செட்டுகள் கொலுவில் ஏற்கெனவே உண்டு. அவற்றைக் கீழ்ப்படியிலிருந்து எடுத்து, மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நிறுத்தலாம். கேமராவை அந்த நடவுப் பெண்ணின் கண் உயரத்துக்கு இறக்கி, தூண்களுக்கிடையே தெரியும் குடத்தை அவள் பார்க்கும் தொலைவிலிருந்தே எடுக்கலாம்.